லோக்கலா, நேஷனலா? சொராரிட்டியில் (அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட பெண்கள் சங்கம்) இருந்தவர்கள் சொல்லுங்கள்

டாலஸிலிருந்து:
முதல் வருஷம் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் படித்தேன். அங்கே நான் சேர்ந்த சொராரிட்டி லோக்கல். வேறெங்கும் கிளை கிடையாது, தலைமையகம் கிடையாது. மொத்தமே முப்பத்தோரு பேர். எதுவானாலும் ஞாயிறு ராத்திரி சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம். சேரும்போது வாசிக்கும் உறுதிமொழி, டைப் அடித்த ஒரு பழைய தாள். ஓரமெல்லாம் நாலைந்து பேர் கையெழுத்தில் திருத்தங்கள், ஒன்று பச்சை மையில். ஒவ்வொன்றும் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் வாக்கெடுத்து மாற்றியது.

அப்புறம் டெக்சாஸில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறினேன். எங்கள் கிரேக்க எழுத்துகளை அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பல கல்லூரிகளில் கிளை வைத்திருக்கும் நேஷனல் சொராரிட்டிகளின் கூட்டமைப்பு நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ். அதிலுள்ள ஒன்றில் உறுதிமொழி எடுத்து முழு உறுப்பினரானவர் மற்றவற்றில் சேர முடியாது. லோக்கல் அந்தக் கணக்கில் வராது என்பதால் எனக்கு வழி திறந்தே இருந்தது. மனசுதான் வரவில்லை.

அட்லாண்டாவிலிருந்து:
அக்கா, எனக்கு நேர்மாறு. நேஷனலில் சேர்ந்தேன், மாறிப்போன கல்லூரியில் எங்கள் கிளையே இல்லை. நீங்கள் சொன்ன அதே விதியால் வேறு நேஷனல் எதிலும் சேரவும் முடியாது. இரண்டு வருஷம் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் வேலைக்காக அட்லாண்டா வந்த வாரம், இங்குள்ள முன்னாள் உறுப்பினர் சங்கத்துக்கு ஒரு மெயில் போட்டேன். மறுநாளே எழுபது வயது அம்மா ஒருவர் இரண்டு போர்வையும் ஒரு இரும்பு வாணலியும் காரில் கொண்டுவந்து இறக்கினார். முன்பின் பார்த்ததில்லை. அந்த வாணலியில்தான் இன்றும் தோசை சுடுகிறேன்.

பாஸ்டனிலிருந்து:
எங்கள் லோக்கல், ஒரு நேஷனலில் இணைய வாக்கெடுத்த ராத்திரி நான் இருந்தேன். காரணம் இன்சூரன்ஸ். நாங்கள் குடியிருந்த சொராரிட்டி வீட்டுக்கான பிரீமியமே சந்தாப் பணத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. இணைந்தால் அந்தச் சுமை குறையும். பதிலுக்குப் பெயர், எழுத்துகள், சடங்கு எல்லாம் அவர்களுடையதாகிவிடும். டார்ட்மத் கல்லூரியில் 1977-இல் சிக்மா கப்பா என்ற நேஷனலின் கிளையாகத் தொடங்கியவர்கள் 1988-இல் பிரிந்து சிக்மா டெல்டா என்ற லோக்கலாக நின்றதைச் சொல்லி, வேண்டாம் என்று வாதாடினேன். தோற்றேன். புதிய சடங்குப் புத்தகம் வந்த வாரமே பழையதை யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள். டாலஸ் தோழி, அந்தத் தாள் இன்னும் அந்த வீட்டில் இருந்தால், பச்சை மை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.