ஆர்க்கிட் தொட்டியில் துள்ளியது ஒன்று, சாறு குடித்தது வேறொன்று

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, தொட்டியின் ஓட்டை வழியாக ரவையைவிடச் சின்னதாக ஏதோ வெள்ளையாகத் தட்டில் வந்து விழுந்தது. விரலைக் கிட்டே கொண்டுபோனதும் துள்ளி மறைந்தது. ஒன்றா இரண்டா, இருபதாவது இருக்கும். எனக்குக் கை கால் ஓடவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துத் தொட்டி நிரம்ப ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். பச்சையாக இருந்த வேர் நுனிகள் பழுப்பானதுதான் மிச்சம்.

அப்புறம்தான் தெரிந்தது, அவை ஸ்பிரிங்டெயில். தொட்டியில் மண்ணுக்குப் பதில் போட்டிருக்கும் மரப்பட்டை மட்கும்போது அதையும் அதில் படரும் பூஞ்சையையும் தின்று பிழைக்கிற அப்பாவிகள். வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும் வால் போன்ற உறுப்பைத் தட்டிவிட்டுத் துள்ளும். தொட்டி காயாமல் ஈரமாகவே கிடக்கிறது என்று அவை சொல்லிக்கொண்டிருக்க, நான் அவற்றையே அடித்துக்கொண்டிருந்தேன்.

சரி, பட்டையை மாற்றலாம் என்று செடியை வெளியே எடுத்தபோதுதான் நிஜத் திருடன் சிக்கினான். அடி இலை இரண்டும் சேரும் இடுக்கில், சட்டைப் பையோடு துவைத்துவிட்ட காகிதம் மாதிரி வெள்ளைத் துணுக்குகள். மாவுப்பூச்சி! காது குடையும் பட்ஸை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் தொட்டதும் மெழுகு கரைந்து உடம்பு தெரிந்தது, பஞ்சில் ஆரஞ்சுக் கறை. பூத்தண்டின் கணுவில் காய்ந்த உறையை உரித்தால் அங்கே இன்னும் மூன்று. ஒரு தடவை துடைத்தால் போதாது. மாவுப்பூச்சியின் பஞ்சு போன்ற பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும், பொரிந்து வரவர மறுபடி துடைக்கவேண்டும். நான் வாரம் ஒருமுறை என்று ஐந்து வாரம் துடைத்தேன். நடுக்குருத்தில் ஈரம் தேங்கினால் அழுகிவிடும் என்பதால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்தேன். இப்போது புது வேர் ஒன்று விட்டிருக்கிறது.

*

உங்களுக்காவது பூச்சி இருந்தது அக்கா. நான் இல்லாத பூச்சியைத் தேடி ஒரு மாதம் அலைந்தேன். என் ஆர்க்கிட்டின் மொட்டுக் காம்பில் கண்ணாடி மணி போலப் பிசுபிசுவென்று துளிகள், கூடவே எறும்பு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் அது செடியே சுரக்கிற தேனாம்! துளி பூத்தண்டிலும் மொட்டிலும் மட்டும் நின்று, பூச்சி எதுவும் தட்டுப்படாவிட்டால் கவலை வேண்டாம். இலை முழுக்கப் பசை பூசினாற்போல் மின்னினால், அதற்கு மேலே உட்கார்ந்து எதுவோ சாறு குடிக்கிறது என்று அர்த்தம். அதன்மேல் கரிப்பூசணமும் படரும்.

*

உங்கள் இருவர் கதையும் இருக்கட்டும், எனக்கு வாய்த்தது செதில் பூச்சி. இலை நடுநரம்போரம் மச்சம் மாதிரி பழுப்புப் புள்ளிகள், இலையின் இயல்பு என்றே நினைத்துவிட்டேன். ஒருநாள் சும்மா நகத்தால் கீறியபோது ஓடு பெயர்ந்து வந்தது, அடியில் இலை மஞ்சளாகக் கிடந்தது. தாய்ப்பூச்சி இடம்விட்டு அசையாது, ஆனால் குஞ்சுகள் நடக்கும். இலையோடு இலை உரசி நின்ற மூன்று செடிக்கும் பரவியிருந்தது. ஒன்றைத் தூக்கிப் போடவேண்டியதாயிற்று.

அதிலிருந்து புதிதாக எந்தச் செடி வந்தாலும் நாலு வாரம் குளியலறை ஜன்னலில்தான் வாசம். குளிக்கப் போகிறவர்கள் திட்டுகிறார்கள், திட்டட்டும்.