சுக்கினி: கூடாரத்திலா, வெளித்தரையிலா?

கேள்வி (களுதாவளை):
மணல் தரை. பொலித்தீன் கூடாரத்துக்கும் வெளித்தரைக்கும் ஒரே சுக்கினி (பூசணி வகைக் காய்) இனம் சரிவருமா? கூடாரத்துக்குள்ள பிஞ்சு நுனி மஞ்சளாகி அழுகுது.

பதில் (அக்கரைப்பற்று):
எல்லா இனமும் சரிவராது தம்பி. அழுகுறது பெரும்பாலும் மகரந்தம் சேராத பிஞ்சு. கூடாரத்தைச் சுத்தின பூச்சிவலைக்குள்ள தேனீ வராது. பிளாக் பியூட்டி மாதிரி இனத்துக்குக் காலை 6 - 9 மணிக்குள்ள ஆண்பூவைப் பறிச்சு, இதழை உரிச்சு, பெண்பூவின் நடுவில இருக்கிற சூல்முடியில தடவ வேணும். பிறகு பூ மூடிடும். மகரந்தம் இல்லாமலே காய்க்கிற பார்த்தினன், கவிலி இனங்கள்தான் கூடாரத்துக்குத் தோது. வெக்கை 35 பாகை செல்சியசுக்கு மேல போனா ஆண்பூதான் கூடும், மகரந்தமும் செத்துப்போகும். கச்சான் காத்து (வறண்ட வெக்கைக் காத்து) காலத்தில, வெக்கை வெளியேறக் கூடாரத்துக்கு மேல்திறப்பு கட்டாயம்.

பதில் (ஏறாவூர்):
வெளித்தரையில தேனீ இருக்கும், ஆனா பழ ஈயும் அசுவினி (சாறு உறிஞ்சுற சின்னப் பூச்சி) கொண்டுவார வைரசும் சேர்ந்து வரும். மாரியில நீர் நிண்டா அடித்தண்டு அழுகும், மேட்டுப்பாத்தி போடுங்க. கூடாரத்தில சாம்பல் நோய்தான் பெரிய தொல்லை, நெருக்கி நடாதீங்க: செடிக்குச் செடி 60, வரிசைக்கு வரிசை 90 சென்ரிமீற்றர். எங்க நட்டாலும் காய் 15 - 20 சென்ரிமீற்றரில பிடுங்குங்க. முத்தவிட்டா அடுத்த பிஞ்சு பிடிக்கிறது குறையும்.