1870இலேயே உரிமை இருந்தது எண்டால் 1965இல் என்னத்துக்கு இன்னொரு சட்டம்?

உப்புவெளிப் பிள்ளை:
வணக்கம். ஏ.எல் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறன். அடுத்த கிழமை வகுப்பில அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாக்குரிமை பற்றி அஞ்சு நிமிசம் பேச வேணும். இனத்தையோ நிறத்தையோ காட்டி வாக்குரிமையை மறுக்க ஏலாது எண்டு 1870இல் 15ஆவது திருத்தம் வந்திட்டுது. பிறகு நோட்ஸ்ல நேரா 1965 ஆகஸ்ட் 6, வாக்குரிமைச் சட்டம். நடுவில 95 வருசம்! அரசியலமைப்பில இருக்கிற உரிமையை அவ்வளவு காலம் எப்படிக் குடுக்காமல் வச்சிருந்தவங்கள்? சேர் "பாகுபாடு" எண்ட ஒரு சொல்லோட முடிச்சிட்டார். மாட்டின் லூதர் கிங்கைப் பற்றி மற்றப் பிள்ளைகள் பேசுவினம், அது வேண்டாம்.

உவர்மலை ஓய்வூதியர்:
பிள்ளை, நான் கச்சேரியில எழுதுவினைஞராக இருந்தவன். தேர்தல் இடாப்பு வேலை செய்த ஆளுக்கு இது உடனே பிடிபடும். ஒருத்தரை வாக்களிக்க விடாமல் செய்ய வாக்குப்பெட்டியில கை வைக்கத் தேவையில்லை. இடாப்பில பேர் ஏறாமல் பார்த்தால் போதும்.

எங்கட நாட்டில நான் வேலை செய்த காலத்தில கிராம சேவகர் பீ.சீ. எண்ட வாக்காளர் பதிவுப் படிவத்தோட வீட்டு வாசலுக்கு வருவார். (வராமல் கடைசி நேரத்தில ஓடித் திரிந்த கதைகளும் உண்டு, அதை விடுவம்.) அமெரிக்காவின் தென் மாநிலங்களில அந்தக் காலத்தில நீதான் நீதிமன்றக் கட்டடத்துக்குப் போய்ப் பதிவாளருக்கு முன்னால நிற்க வேணும். அலபாமாவில செல்மா எண்ட ஊரில அந்த அலுவலகம் மாதத்தில இரண்டு திங்கட்கிழமைதான் திறக்கும். தோட்ட முதலாளி திங்கட்கிழமை லீவு தருவானா?

மிசிசிப்பியின் 1890 அரசியலமைப்பை எடு. வாக்காளர் தகுதி பற்றிய பகுதியில "கறுப்பர்" எண்ட சொல்லே இல்லை. கெட்டிக்காரத்தனம் அதிலதான் இருக்கு. வருசம் இரண்டு டொலர் தலைவரி கட்ட வேணும். பிறகு எழுத வாசிக்கத் தெரிய வேணும், அரசியலமைப்பின் 285 பிரிவுகளில பதிவாளர் காட்டுகிற ஒன்றுக்கு விளக்கமும் எழுத வேணும் எண்டு கூட்டிக்கொண்டே போனார்கள். எந்தப் பிரிவு எண்டு தெரிவு செய்கிறவர் பதிவாளர். விளக்கம் சரியா பிழையா எண்டு சொல்கிறவரும் அவரே. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேணுமே! 1962இல இன்னொன்றும் சேர்த்தார்கள்: விண்ணப்பித்தவரின் பேர் இரண்டு கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில வர வேணும். அடுத்த நாளே முதலாளிக்குத் தெரிந்துவிடும்.

கிங் வேண்டாம் எண்டால் ஃபானி லூ ஹேமரைப் பேசு. மிசிசிப்பியில பருத்தித் தோட்டத்துத் தொழிலாளி, இருபது பிள்ளைகளில கடைசி. 1962 ஆகஸ்ட் 31இல பதினேழு பேரோட பஸ் பிடித்து இந்தியனோலா எண்ட ஊருக்குப் பதியப் போனார். சோதனையில பெயில். திரும்பி வரும் வழியில பொலிஸ் பஸ்ஸை மறித்துச் சாரதிக்குத் தண்டம் அடித்தது. குற்றம் என்ன தெரியுமா? பஸ்ஸின் மஞ்சள் நிறம் கூடிப்போச்சாம்! அன்றிரவே, பதினெட்டு வருசம் வேலை செய்த தோட்டத்தை விட்டு வெளியேற்றினார்கள்.

மனுசி விடவில்லை. திரும்பத் திரும்பப் போய் 1963 ஜனவரியில சித்தியடைந்தார். வாக்களிக்கப் போனால், இரண்டு வருசத் தலைவரிப் பற்றுச்சீட்டு எங்கே எண்டு கேட்டார்கள். இத்தனை காலம் வாக்காளராகவே ஏற்காதவருக்குப் பற்றுச்சீட்டு எங்கிருந்து வரும்? கந்தோரில மேசைக்கு இந்தப் பக்கம் காலத்தைப் போக்கினவன் சொல்கிறன், சனத்தைத் திருப்பி அனுப்ப இதைவிட நல்ல வழி இல்லை. "மாட்டேன்" எண்டு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. "இன்னொரு கடதாசி குறையுது" எண்டால் சரி. 1963 ஜூனில வினோனா எண்ட ஊரின் சிறையில வைத்து அவரை அடித்த அடி வேறு கதை. அது சாகும்வரை உடம்பில இருந்தது.

கிண்ணியா ரிபாஸ்:
ஐயா சொன்னதோட ஒண்டு சேக்கிறன். கோர்ட்டுக்குப் போகல்லியா எண்டு கட்டாயம் கேப்பாங்க. போனாங்க, வெண்டும் இருக்காங்க. லூசியானா 1898இல, 1867க்கு முந்தி தகப்பனோ பாட்டனோ வாக்காளரா இருந்தா எழுத்தறிவுச் சோதனை தேவல்ல எண்டு வச்சது. அப்ப அடிமையா இருந்தவனுக்கு ஏது வாக்கு? அந்த மாதிரிச் சட்டம் செல்லாதெண்டு உச்ச நீதிமன்றம் 1915இல தீர்த்தது. கட்சி வேட்பாளரத் தெரியிற முதற்கட்டத் தேர்தல் வெள்ளையருக்கு மட்டும் எண்டிருந்தத 1944இல தூக்கினாங்க. ஒரு கதவ ஒடைக்கக்குள்ள அவனுகள் வேற கதவு பூட்டிருவானுகள். 1957, 1960இல குடியியல் உரிமைச் சட்டங்கள் வந்தும் மாவட்டம் மாவட்டமா வழக்குப் போட்டு இழுபட்டதுதான் மிச்சம்.

1965 சட்டம் அந்த இழுவைய மாத்திச்சு. எழுத்தறிவுச் சோதனைய நிப்பாட்டிச்சு, பதியிறதுக்கு மத்திய அரசே ஆள் அனுப்பலாம் எண்டிச்சு. அதோட, பழைய குற்றவாளி மாநிலங்கள் தேர்தல் விதிய மாத்த முந்தி வாஷிங்டனிட்ட அனுமதி எடுக்கணும். மிசிசிப்பியில 6.7 வீதமா இருந்த கறுப்பினப் பதிவு, 1967இல 59.8 வீதம். சட்டத்தோட பலம் ரெண்டு வருசத்துல தெரிஞ்சிருச்சு. அந்த முன் அனுமதி 2013இல செயலிழந்து போச்சு. எந்த மாநிலத்துக்கு அது பொருந்தும் எண்ட சூத்திரம் பழசாப்போச்செண்டு உச்ச நீதிமன்றம் 5–4இல வெட்டிட்டு.

தம்பலகாமம் வாசுகி:
தங்கச்சி, சோதனைக்கு ஆயத்தம் செய்த ஆக்களை மறந்திடாதீங்க. செப்டிமா கிளார்க் எண்ட ஆசிரியை, உரிமைச் சங்கமொன்றில உறுப்பினர் எண்டதுக்காக 1956இல தென் கரோலினாவில வேலையை இழந்தவ. அடுத்த வருசம் ஜோன்ஸ் தீவில வளர்ந்தோருக்கு இரவு வகுப்புத் தொடங்கினாங்க. முன்னால பலசரக்குக் கடை, பின்னறையில வகுப்பு. வெள்ளைக்காரர் சந்தேகப்படக் கூடாதே! படிப்பிச்சவ பேர்னிஸ் ரொபின்சன், சிகை அலங்காரம் செய்யிறவ, ஆசிரியை இல்லை. "என்ன படிக்க விருப்பம்?" எண்டுதான் முதல்ல கேட்டாவாம். கையெழுத்து வைக்க, மணியோடர் நிரப்ப, பிறகு அரசியலமைப்பு வாசிக்க. எனக்கு இந்தக் கதைதான், வாக்குரிமை ஊர்வலத்தைப் பொலிஸ் அடிச்சுக் கலைச்ச செல்மாப் பாலத்தை விடப் பெரிசு. நான் முதியோர் வகுப்பு எடுத்தவ, அதனால பக்கச்சார்பு இருக்கும்.

உப்புவெளிப் பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி! ஐயா, ரிபாஸ் அண்ணா சொன்ன பாட்டன் கதை எங்கட மலையகத் தமிழருக்கு 1948இல நடந்தது மாதிரி இல்லையா? அதையும் சேர்க்கவா?

உவர்மலை ஓய்வூதியர்:
கிட்டத்தட்ட, ஆனால் அதேதான் எண்டு சொல்லிவிடாதே. 1948 குடியுரிமைச் சட்டப்படி இங்கே பிறந்தவருக்கும் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேணும், இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேணும். தோட்டத்துச் சனம் அந்தப் பத்திரங்களுக்கு எங்கே போவது? 1947இல ஏழு ஆசனம் வென்ற இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 1952இல ஒன்றும் இல்லை. 1956 ஆகஸ்டில தமிழரசுக் கட்சி யாத்திரையாக வந்து எங்கட திருமலையில கூடியபோது, அந்தச் சட்டங்களை நீக்கு எண்டதும் நாலு கோரிக்கையில ஒன்று.

வித்தியாசம் இதுதான். ஹேமருக்குக் குடியுரிமை இருந்தது, மேசையில மறித்தார்கள். இங்கே குடியுரிமையையே எடுத்தபடியால் மேசைக்கு வேலையே இல்லாமல் போச்சு. அஞ்சு நிமிசத்தில இரண்டையும் கலந்தால் இரண்டும் விளங்காது. கேள்வி நேரத்தில யாராவது கேட்டால் சொல்லு.