ஹேண்ட்வாஷ் வெள்ளையா திரிஞ்சு போகுது, எஸ்.எல்.எஸ் எத்தனை சதவீதம் போடணும்? அவசரம்

பாட்டில்40:
ஹேண்ட்வாஷ் 10 கிலோ போட்டேன். எஸ்.எல்.எஸ் (நுரைச்சுக் கழுவுற பொருள்) 10%, அதுக்குத் துணையா கோகோ பீட்டெய்ன் 3%, உப்பு, நீலகிரித் தைலம், கலர். போட்டப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மறுநாள் பாட்டில் பூரா வெள்ளை, அடியில மாவு. எஸ்.எல்.எஸ் பத்தலையோன்னு 15% ஆக்கினேன், இன்னும் மோசம். சனிக்கிழமை காட்டேஜுக்கு 40 பாட்டில் குடுக்கணும். எவ்வளவு போட்டா சரியா வரும்?

கடுந்தண்ணி:
போர் தண்ணியா? சுண்ணாம்பு இருந்தா எஸ்.எல்.எஸ் கால்சியத்தோட சேர்ந்து படியும். சுண்ணாம்பைப் பிடிச்சு வச்சுக்கிற ஈ.டி.டி.ஏ 0.1% போடுங்க.

நுரைமணி:
பி.கே.சி (பென்சல்கோனியம் குளோரைடு, கிருமிநாசினி) எதுவும் சேர்த்தீங்களா? கிருமி சாகும்னு நெறைய பேர் சேர்த்துடறாங்க. அதுக்கு பாசிட்டிவ் மின்னூட்டம், எஸ்.எல்.எஸ்ஸுக்கு நெகட்டிவ். ரெண்டும் கட்டிப் புடிச்சு தயிர் மாதிரி திரியும்.

பாட்டில்40:
பி.கே.சி இல்லீங்க. ஊத்துத் தண்ணி தான்.

ஆக்டிவ்_மேட்டர்:
"எஸ்.எல்.எஸ் 10%" என்பது அளவே இல்லை, தம்பி. ஊசி மாதிரி இருக்கும் எஸ்.எல்.எஸ்ஸா, அதே குடும்பத்துல இன்னொண்ணான எஸ்.எல்.இ.எஸ் 70% பேஸ்ட்டா, 28% எஸ்.எல்.இ.எஸ் திரவமா? கெமிக்கல் கடையில மூணுக்கும் ஒரே பேர் சொல்லித்தான் கட்டிக் குடுக்கிறாங்க. 10 கிலோவுக்கு ஒரு கிலோ போட்டா ஊசியில ஆக்டிவ் (நிஜமா கழுவுற சரக்கு) 9 சதவீதத்துக்கு மேல, பேஸ்ட்ல 7, திரவத்துல வெறும் 2.8. பீட்டெய்னும் அப்படித்தான், கேன்ல இருக்கிறதுல ஆக்டிவ் 30% தான், கூடவே சுமார் 5% உப்பு. இதைச் சொல்லாம கேட்டா ஜோசியம் தான் சொல்லணும். பழைய இழைகளை ஒரு தடவை படிச்சுட்டு வந்திருக்கலாம்.

கீழ்க்கோத்தகிரி:
திட்டறதை அப்புறம் திட்டிக்கலாம். பாட்டில்40, ரெண்டே கேள்வி. எந்த ஊர்? வெள்ளை நாள் பூரா இருக்கா, வெயில் வந்தா தெளியுதா?

பாட்டில்40:
ஊட்டிகிட்ட, தலைகுந்தா பக்கம். தகர ஷெட். மதியம் பாதி தெளியுது, காலையில மறுபடி வெள்ளை. எஸ்.எல்.எஸ் வெள்ளையா, துண்டு துண்டா, சேமியா மாதிரி இருக்கும்.

கீழ்க்கோத்தகிரி:
அப்ப முடிஞ்சது. ஊசி எஸ்.எல்.எஸ்ஸுக்கு 16 டிகிரி வாக்குல ஒரு எல்லை இருக்கு, கிராஃப்ட் வெப்பநிலைன்னு சொல்வாங்க. அதுக்குக் கீழ தண்ணியில கரையாம படிகமா வெளிய வந்துடும். உறைபனி விழற ஊர்ல, தகர ஷெட்ல, வராம என்ன பண்ணும்? உப்பு போட்டா அந்த எல்லை இன்னும் மேல ஏறும். 15% ஆக்கினதுல மோசமானது அதனால தான், வெளிய வர்றதுக்கு சரக்கு ஜாஸ்தி.

உறுதி பண்ணிக்க: காலையில பாட்டிலைச் சாய்ச்சு டார்ச் அடிங்க. படிகம்னா பட்டு நூல் மாதிரி மினுங்கிட்டே சுழலும். அப்புறம் 40 டிகிரி தண்ணியில பத்து நிமிஷம் வைங்க. முழுசா தெளிஞ்சா படிகம். தெளியலைன்னா தான் சுண்ணாம்பு, பி.கே.சி கதையெல்லாம். மங்கலாவே இருந்து, மூடியைத் திறந்ததும் தைல வாசம் தூக்கினா, தைலம் கலக்காம மேல நிக்குது.

கடுந்தண்ணி:
இருந்தாலும் ஈ.டி.டி.ஏ போடறது நல்லது.

ஆக்டிவ்_மேட்டர்:
சுண்ணாம்புல படிஞ்சது மதிய வெயிலுக்குக் கரையாது. மலை ஊத்துத் தண்ணியில சுண்ணாம்பும் கம்மி. போடறதுன்னா போடட்டும், இதுக்கு மருந்து அது இல்லை.

பூந்திக்கொட்டை_அக்கா:
இவ்வளவு கெமிக்கல் எதுக்கு? பூந்திக்கொட்டையை ஊறவச்சு கொதிக்கவச்சா நுரை வருது. குளிருக்கு ஒண்ணும் ஆகாது. காட்டேஜ்காரங்களும் ஆர்கானிக்னு விரும்பி வாங்குவாங்க.

ஆக்டிவ்_மேட்டர்:
பூந்திக்கொட்டையில இருக்கிற சபோனினும் எஸ்.எல்.எஸ் மாதிரி சர்ஃபேக்டன்ட் (நுரைச்சுக் கழுவுற பொருள்) தான். கெமிக்கல் இல்லாத நுரை கிடையாது.

பூந்திக்கொட்டை_அக்கா:
மரத்துல காய்க்கிறதும் ஃபேக்டரியில வர்றதும் ஒண்ணாங்களா?

நுரைமணி:
அக்கா, கஷாயம் ரெண்டு மூணு நாள்ல புளிச்சுடும், ஃபிரிட்ஜ்ல வச்சா கொஞ்சம் தாங்கும். காட்டேஜ் பாத்ரூம்ல வைக்கணும்னா அதுக்கும் பிரிசர்வேடிவ் வேணும். அப்ப ஆர்கானிக் எங்க நிக்குது?

பூந்திக்கொட்டை_அக்கா:
வாரா வாரம் புதுசா போட்டுக் குடுத்தா ஆச்சு.

கீழ்க்கோத்தகிரி:
அக்கா, தனி இழை போடுங்க, அங்க வர்றோம். இங்க சனிக்கிழமை நெருங்குது.

பாட்டில்40, குளிர்ல படிகமாகாம இருக்க ஊசியை விட்டுட்டு, 10 கிலோவுக்கு இது: எஸ்.எல்.இ.எஸ் 70% பேஸ்ட் 1.1 கிலோ, பீட்டெய்ன் 750 கிராம். ஆக்டிவ் 7.7ம் 2.25ம் சேர்ந்து 10 கிட்ட. கை கழுவ இது தாராளம். ஊசி எஸ்.எல்.எஸ்ஸுக்கே தண்ணியில 0.24% வந்தா மைசெல் (அழுக்கைப் பிடிக்கிற சின்ன உருண்டை) கட்ட ஆரம்பிச்சுடும். கையில விழற 2 மில்லி ஈரத்தோட கலந்து 3% ஆனாலும் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல. 15% போட்டா கை வறண்டு போறது தான் மிச்சம். பாத்திரம் கழுவற லிக்விடுக்கு 15 சரி, அது பக்கெட்ல நீர்த்துப் போகும்.

பேஸ்ட் மேல தண்ணியை ஊத்தாதீங்க. 30லேர்ந்து 60% வரைக்கும் அது ஜெல்லாகி, கோந்துக் கட்டியா கரண்டியில ஏறி நிக்கும், ரெண்டு நாள் ஆனாலும் கரையாது. 7.5 கிலோ தண்ணியை 40 டிகிரிக்கு சூடாக்கி, பேஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா அதுல விட்டு மெதுவா கிண்டுங்க. வேகமா அடிச்சா நுரை தான். ராத்திரி மூடி வச்சுடுங்க. காலையில பீட்டெய்ன், கெடாம இருக்க பினாக்ஸி எத்தனால் 80 கிராம். தைலம் 20 கிராமை, எண்ணெயைத் தண்ணியோட சேர வைக்கிற பாலிசார்பேட்-20 80 கிராம்ல தனியா கலந்து தெளிஞ்ச பிறகு ஊத்துங்க. சிட்ரிக் ஆசிட் கரைசலை விட்டு பி.எச் 5.5க்குக் கொண்டு வாங்க.

உப்பு கடைசி. மொத்தத்துல கொட்டாதீங்க. 100 கிராம் வீதம் அஞ்சு டம்ளர் எடுத்து 0.5, 1, 1.5, 2, 2.5 கிராம் போட்டுப் பாருங்க. கெட்டித்தன்மை ஏறி ஏறி ஒரு உச்சிக்குப் போய், அதுக்கு மேல போட்டா திரும்ப நீர்த்துடும். உச்சிக்கு ஒரு படி முன்னாடியே நிறுத்துங்க. தைலம் சேர்ந்த பிறகு தான் இந்தச் சோதனை, தைலமே கெட்டித்தன்மையைக் குறைக்கும். மீதித் தண்ணியை விட்டு 10 கிலோ ஆக்கிட்டு, ஒரு பாட்டிலை ஃபிரிட்ஜ்ல ஒரு நாள் வச்சுப் பார்த்துட்டு மீதியை அடைங்க.

நுரைமணி:
ஒண்ணு விட்டுட்டீங்க. ஷெட் குளிர்ல பார்த்து கெட்டியா இருக்குன்னு உப்பைக் குறைச்சா, அதே பாட்டில் மலைக்குக் கீழ மேட்டுப்பாளையம் வெயிலுக்குப் போனா தண்ணியா ஓடும். கெட்டியை 25 டிகிரிக்குக் கொண்டு வந்து பாருங்க.

ஆக்டிவ்_மேட்டர்:
செய்முறையில குறை இல்லை. விக்கிறதுன்னா 2020 காஸ்மெடிக்ஸ் விதிப்படி லைசென்ஸ் வேணும், அதையும் சொல்லியிருக்கலாம்.

கடுந்தண்ணி:
போட்டு வச்ச பழைய 10 கிலோவை என்ன பண்றது? கொட்டிடறதா?

கீழ்க்கோத்தகிரி:
வேண்டாம். சூடு காட்டித் தெளிய வச்சு வீட்டுல பாத்திரம் கழுவிக்கலாம். கடைக்குப் போக வேண்டாம்.

பாட்டில்40:
டார்ச் அடிச்சேன், மினுங்குச்சு. சுடுதண்ணியில தெளிஞ்சது. கோயம்புத்தூர்ல பேஸ்ட் சொல்லியாச்சு, வண்டி வந்துட்டு இருக்கு. நன்றிங்க எல்லாருக்கும்.

கீழ்க்கோத்தகிரி:
உப்பு எத்தனை கிராம்ல நின்னுச்சுன்னு போடுங்க.

நுரைமணி:
சனிக்கிழமை போயி செவ்வாயும் வந்தாச்சு. பாட்டில்40, உப்பு?