நெய்வேலிப் பங்கை 2013-ல் தமிழ்நாடு வாங்கியது சரியா?

பேரேடு:
பொதுத்துறை நிறுவனங்களில் 10% பங்காவது வெளியார் கையில் இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் அன்றைய விதி. நெய்வேலியில் கரி எடுக்கும் பொதுத்துறை நிறுவனமான என்எல்சியில் மத்திய அரசிடம் 93.56% இருந்தது. விதிப்படி மிச்சத்தை விற்கப் போகிறோம் என்று மத்திய அரசு சொன்னதும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தனியாருக்குப் போகக் கூடாது என்று ஜெயலலிதா அரசு, சிப்காட், டிட்கோ போன்ற மாநில நிறுவனங்களை வைத்து 3.56% பங்கை வாங்கியது. செலவு சுமார் 358 கோடி. பள்ளிக்கூடம் கட்ட வேண்டிய அரசு பங்குச் சந்தையில் முதலீடு செய்ய வேண்டுமா?

நெய்தல்:
அந்தப் பணம் கரைந்து போகவில்லையே. அன்று ஒரு பங்கு சுமார் 60 ரூபாய். 2024 மார்ச்சில் மத்திய அரசு மறுபடி விற்றபோது குறைந்தபட்ச விலையே 212 ரூபாய். நடுவில் டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் பணம், வேறு. நம் மண்ணைத் தோண்டி எடுக்கும் கரியில் நமக்கும் ஒரு பங்கு இருப்பதில் என்ன தவறு?

பேரேடு:
விற்றால்தான் அது காசு. இது கையை விட்டுப் போகக் கூடாது என்றே வாங்கிய பங்கு. 2024 விற்பனைக்குப் பிறகும் மத்திய அரசிடம் 72% இருக்கிறது. நிறுவனம் தனியாரிடம் போய்விடவில்லை. 2013-ல் அவ்வளவு பயந்திருக்கத் தேவையில்லை.

கடலூரான்:
இருவரும் விலையையே பேசுகிறீர்கள். 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில் என்ன நடந்தது? என்எல்சி சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, விளைந்து நின்ற நெல்லுக்குள் பொக்லைனை இறக்கினார்கள். போலீஸ் பாதுகாப்போடு. நிலம் பல வருடங்களுக்கு முன்பே கையகப்படுத்தியதுதான், சரி. அறுப்பு முடியும்வரை பொறுத்திருக்கக் கூடாதா? பயிர் போட்டவனும் தமிழ்நாட்டுக்காரன், நிறுவனத்தின் பங்குதாரரும் தமிழ்நாடு. அந்தப் பங்கால் அவனுக்கு என்ன கிடைத்தது? அந்தப் படங்களைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நெய்தல்:
அண்ணே, அப்படியென்றால் இன்னும் வாங்க வேண்டும் என்றல்லவா ஆகிறது? கம்பெனிச் சட்டப்படி 10% பங்கு இருந்தால் பங்குதாரர்களின் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லிக் கேட்கலாம். 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முக்கிய முடிவுகளுக்குத் தேவையான சிறப்புத் தீர்மானத்தையே தடுக்கலாம். இந்தச் சிறு பங்கை வைத்துக்கொண்டு பொதுக்குழுவில் போய் உட்காரத்தான் முடியும்.

பேரேடு:
10 சதவீதத்தை எட்ட, இன்றைய விலையில் அந்த 358 கோடியைப் போலப் பல மடங்கு வேண்டும். அவ்வளவு எதற்கு? சுரங்கத்துக்கு நிலம் எடுத்துக் கொடுப்பதே மாநில வருவாய்த் துறைதான். கலெக்டர் கையெழுத்துக்கு முன்னால் பேச வேண்டியதைப் பேசினால், ஒரு பங்குகூட இல்லாமலேயே இழப்பீட்டையும் வேலையையும் கேட்டு வாங்கலாம். அந்தப் பிடியை விட்டுவிட்டுப் பங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கடலூரான்:
தம்பி சொல்லும் அந்தப் பிடிதான் பெரியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாங்கியதை விற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிவிடெண்டை மட்டும் தனிக் கணக்கில் போட்டு, நிலம் கொடுத்த ஊர்களின் குடிதண்ணீருக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் செலவிடட்டும். வருடா வருடம் அந்தக் கணக்கைக் கிராம சபையில் வாசிக்கட்டும்.