சாங்கியில் நீர் வற்றும்போது நடப்பவர்கள் யாராவது உண்டா?

வணக்கம். கடல் நன்றாக வற்றும் விடியல்களில் சிங்கப்பூரின் சாங்கிக் கடற்கரையில் நடக்கும் பைத்தியம் பிடித்திருக்கிறது எனக்கு. போன தடவை கடல்புல்லுக்கு நடுவே ஒரு சேண்ட் டாலர் (தட்டையான, வட்டமான கடல் உயிரினம்), பாதி மணலுக்குள். பிஸ்கட் அளவுதான். குனிந்து பார்த்தால் உடம்பு முழுக்கப் பொடிப்பொடி முட்கள், மெல்ல அசைகின்றன!

கூகலில் தேடினால் சுற்றுலா விளம்பரம்தான் கொட்டுகிறது. எனக்கு வேண்டியது, ஆசைக்காக நடப்பவர்கள் தங்களுக்கென்று எழுதி வைக்கும் குறிப்புகள்: எந்த மாதம் என்ன பார்த்தார்கள், எந்தப் பக்கம் சேறு அதிகம், இப்படி. அலட்சியமாக நினைக்காதீர்கள். 2001இல் புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடலோரத்தில் நிலமீட்பு (கடலை மண் கொட்டி நிலமாக்கும் வேலை) தள்ளிவைக்கப்பட்டதில் ஆர்வலர்கள் சேர்த்த பதிவுகளுக்கும் பங்கு உண்டு.

தமிழில் எழுதுபவர் இருந்தால் ரொம்ப சந்தோஷம். ஆங்கிலம், மலாய் என்றாலும் சரி. உங்கள் அண்ணனோ அக்காவோ பழைய நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கி வைத்திருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள்.

அப்புறம் ஒன்று. கல் போலவே கிடக்கும் கல்மீனின் முள் குத்தினால் உயிர் போகிற வலியாம். நீங்கள் என்ன காலணி போடுகிறீர்கள்?