மறு: ‘செட்லர் கொலோனியலிசம்’ – தமிழில் என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

வெளியிலிருந்து வந்தவர்கள் பிறர் நிலத்தைத் தமதாக்கிக்கொண்டு அங்கேயே நிலைத்துவிடும் ஆதிக்கத்தை ஆங்கிலத்தில் ‘செட்லர் கொலோனியலிசம்’ என்கிறார்கள்; அதற்குத் தமிழ்ச்சொல் தேடி மூன்று வாரமாக இந்த இழை நீள்வதைப் படித்துக்கொண்டே வந்தேன், எழுதவில்லை. சோம்பல்தான் காரணம். சென்ற சனிக்கிழமை ஒரு கட்டுரைத் தாள் அந்தச் சோம்பலைக் கலைத்துவிட்டது.

சிட்னியில் வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றில் பாடம் நடத்துகிறேன். ‘நாங்கள் வாழும் நாடு’ என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். பத்து வயதுப் பெண்ணொருத்தி இப்படித் தொடங்கியிருந்தாள்: “1788-இல் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவில் குடியேறினார்கள். 2009-இல் என் அப்பா ஆஸ்திரேலியாவில் குடியேறினார்.”

சிவப்புப் பேனாவை எடுத்தேன், திருத்த ஒன்றுமில்லை. ஒற்றுப் பிழைகூட இல்லை. ஆனால் இரண்டு வாக்கியத்திலும் ஒரே வினைச்சொல் உட்கார்ந்திருக்கிறது. அவளுடைய அப்பா விசாவுக்கு விண்ணப்பித்து, மருத்துவச் சோதனை முடித்து, விமான நிலையத்தில் வரிசையில் நின்று முத்திரை வாங்கிக்கொண்டு வந்தவர். 1788 ஜனவரியில் 11 கப்பல்களில் வந்து இறங்கியவர்கள் எந்த வரிசையில் நின்றார்கள்?

அவர்கள் வந்த விதத்தைப் பாருங்கள். அமெரிக்கா பிரிந்து போனபின் கைதிகளை அனுப்பிவைக்க பிரிட்டனுக்கு இடமில்லாமல் போயிற்று. அதற்கு முன்பே, 1770-இல், ஜேம்ஸ் குக் ஒரு சிறு தீவில் கொடி நாட்டிக் கிழக்குக் கரை முழுவதும் தம் மன்னருடையது என்று அறிவித்திருந்தார். அந்த ஒரு கொடியை நம்பித்தான் ஆர்தர் பிலிப் 750-க்கும் மேற்பட்ட கைதிகளோடு 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்டார். விதையும் கால்நடையும் ஏறிய கப்பல்களில் சட்டமும் நீதிமன்றமும் கூடவே ஏறின. 1788 பிப்ரவரி 7 அன்று கைதிகளைத் தரையில் உட்காரவைத்து, பிலிப்பை ஆளுநராக்கும் ஆணையை டேவிட் காலின்ஸ் உரக்க வாசித்தார். வடக்கே கேப் யார்க்கிலிருந்து தெற்கே டாஸ்மேனியா வரை, மேற்கே 135-ஆம் தீர்க்கரேகை வரை, ஏறக்குறையப் பாதிக் கண்டம் அந்த வாசிப்பில் நியூ சவுத் வேல்ஸ் ஆயிற்று. அந்தக் கரைக்குச் சொந்தக்காரர்களான கடிகல் மக்களை யாரும் கேட்கவில்லை.

இதற்குக் ‘குடியேறினார்கள்’ என்று எப்படிச் சொல்வது? குடி என்றாலே ஓர் ஆட்சிக்கு உட்பட்டவன் என்று பொருள் வந்துவிடுகிறது. வீட்டுக்குக் குடிபோகிறவர் முன்பணம் கொடுக்கிறார், மாதா மாதம் குடிக்கூலி கட்டுகிறார், ‘சுவரில் ஆணி அடிக்கக் கூடாது’ என்று வீட்டுக்காரர் சொன்னால் கேட்டுக்கொள்கிறார். வீட்டுக்காரரைத் திண்ணைக்குத் தள்ளிவிட்டுப் பத்திரத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டவரை எந்த ஊரிலும் குடிவந்தவர் என்பதில்லை.

குடிக்கூலி கொடுக்க முன்வந்த ஒருவரும் இருந்தார் என்பது வேடிக்கை. 1835-இல் ஜான் பேட்மன் இன்றைய மெல்பர்ன் பக்கம் போய், அந்நிலத்துப் பூர்வகுடிகளான குலின் மக்களின் தலைவர்களோடு ஓர் ஒப்பந்தம் எழுதினார். கம்பளி, கத்தி, கத்தரிக்கோல், முகக்கண்ணாடி, மாவு. இவற்றுக்குச் சுமார் 6 லட்சம் ஏக்கர், ஆண்டுதோறும் தனியாக ஒரு வாடகை. படுமோசமான பேரம்தான். ஆனால் ஆளுநர் போர்க் அதைச் செல்லாதென்று அறிவித்தது பேரம் மோசம் என்பதற்காக அல்ல. விற்கும் உரிமை குலின் மக்களுக்கு உண்டென்று ஏற்றுக்கொண்டால் நிலம் அவர்களுடையது என்றாகிவிடும்; அது மன்னருடையது, பேட்மன் மன்னர் நிலத்தில் அத்துமீறி நுழைந்தவர் என்றது அறிவிப்பு.

இனி, இங்கே முன்வைக்கப்பட்ட சொற்கள்.

> ‘வந்தேறிக் காலனியம்’ – சுருக்கமாகவும் காரமாகவும் இருக்கிறது.

காரம்தான் தொல்லை. வந்தேறி என்பது இன்று வசைச்சொல். தவிரவும், அதை எறிந்தால் ஆளுநர் பிலிப் மேல் விழுவதற்கு முன் என் மாணவியின் அப்பா மேல் விழும்.

> ‘குடிமாற்றுக் காலனியம்’ – இருந்த குடியை அகற்றி வேறு குடியை வைப்பதுதானே இதன் உயிர்நாடி?

மதுரை ஐயா சொன்ன இந்தச் சொல்லில் முதலில் நானும் மயங்கினேன். கோட்பாட்டாளர்கள் சொல்வதும் இதைத்தான்: சுரண்டல் காலனிக்கு உழைப்பு வேண்டும், ஆகவே மக்களை விட்டுவைக்கும், இந்த வகைக் காலனிக்கு நிலம் வேண்டும், மக்கள் வேண்டாம். ஆனால் ‘மாற்று’ என்றால் மாற்றி முடித்தாயிற்று என்று ஒலிக்கிறது. 1876-இல் ட்ருகனினி என்ற பெண்மணி இறந்தபோது ‘கடைசி டாஸ்மேனியர் போய்விட்டார்’ என்று எழுதி வைத்தார்கள். வழித்தோன்றல்கள் இன்றும் அந்தத் தீவில் வாழ்கிறார்கள். பல தலைமுறை பாடப்புத்தகங்களோ அவர்களை இல்லாதவர்களாக்கிவிட்டன. 2021 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பூர்வகுடியினர் 8,12,728 பேர். நம் சொல்லும் அதே பிழையைச் செய்யலாமா, ஐயா?

> வெறும் ‘காலனியம்’ போதாதா?

போதாது. சென்னையில் ஆண்ட பிரிட்டனும் சிட்னியில் ஆண்ட பிரிட்டனும் ஒன்றே என்றாலும், சென்னையில் இருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். சிட்னியில் இருந்தவர்கள் திரும்பவில்லை. அதோடு, காலனி என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் வேறு ஒரு தழும்பு உண்டு. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று பிரித்த வழக்கு அது. 2025 ஏப்ரலில் அரசே அந்தச் சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. ஆனாலும் காலனியம் என்ற கருத்துச்சொல் வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்க நான் வரவில்லை. அடைமொழி மட்டும் தேடுகிறேன்.

என் முன்மொழிவு: ‘குடிநாட்டல்’. கம்பு நாட்டுகிறோம், கொடி நாட்டுகிறோம்; இங்கே தம் குடியையே கொண்டுவந்து நாட்டினார்கள். பிறர் நிலத்தில் ஊன்றுகிறோம் என்பதும், ஊன்றியது நிற்கவேண்டும் என்ற நோக்கமும் வினையிலேயே இருக்கின்றன. கொடிநாட்டலுக்கும் குடிநாட்டலுக்கும் ஓர் உயிரெழுத்துத்தான் தூரம்; குக்குக்கும் பிலிப்புக்கும் இடையே 18 ஆண்டு.

குடி என்றதும் மது நினைவுக்கு வராதா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: வரட்டும். தொடக்ககாலச் சிட்னியில் ரம் ஏறக்குறைய நாணயமாகவே புழங்கியது. 1808 ஜனவரி 26 அன்று படையினர் ஆளுநர் பிளையைச் சிறைப்பிடித்த கலகத்துக்கே ரம் கலகம் என்றுதான் பெயர்.

———

யாழ்ப்பாணத்திலிருந்து

தம்பிக்கும் மற்றோருக்கும் வணக்கம்.

குடிநாட்டல் எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு தடைகள் சொல்கிறேன்.

ஒன்று, ‘குடிநாட்டுக் காலனியம்’ என்று எழுதினால் வெளிநாட்டுக் கொள்கை, உள்நாட்டுப் போர் என்பவற்றின் சாயலில் ‘குடிநாடு’ என்று ஏதோ ஒரு நாடு இருப்பதாக வாசகர் நினைப்பார். ‘குடிநாட்டினர்’ என்றாலும் அதே குழப்பம். ஆகவே ‘குடிநாட்டல் காலனியம்’, ‘குடிநாட்டியோர்’ என்று வினை தெரியும்படி எழுதுங்கள்.

மற்றது, ‘குடியேற்றம்’ என்ற சொல்லை நீங்கள் ஏன் விடவேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்துக் காரணம். இலங்கையில் கொலோனியலிசத்தைக் குடியேற்றவாதம் என்று எழுதுவோம். ஆனால் வீட்டிலும் சந்தையிலும் குடியேற்றம் என்றால் 1949-இல் தொடங்கிய கல்லோயா போன்ற, ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய அரச திட்டங்களைத்தான் எவரும் விளங்கிக்கொள்வர். போருக்குப் பிறகு ‘மீள்குடியேற்றம்’ வந்து சேர்ந்தது. அது இடம்பெயர்ந்தவர் தம் சொந்தக் காணிக்குத் திரும்புவது. ஒரே சொல் மூன்று திசையில் இழுபடுகிறது. நாலாவது சுமை வேண்டாம். உங்கள் மாணவியின் தகப்பனாருக்கு எங்களிடம் தயாராகவே சொல் உண்டு: குடிவரவு. திணைக்களத்தின் பெயரிலேயே இருக்கிறது.

போன வாரத்துச் சொற்பட்டியலில் ‘டெரா நல்லியஸ்’ (நிலம் யாருக்கும் உரியதல்ல என்ற வாதத்தைக் குறிக்கும் இலத்தீன் சட்டத் தொடர்) என்பதற்கு ‘ஆளில்லா நிலம்’ என்று கண்டேன். அது தவறு. ஆள் இருந்ததைக் குக்கும் கண்டார், பிலிப்பும் கண்டார். அந்த மக்களோடு இணக்கமாக நடந்துகொள் என்று பிலிப்புக்கு அரசர் அறிவுறுத்தல் கொடுத்திருந்தாரே. ஆள் உண்டு, உரித்து, அதாவது உரிமை, இல்லை என்பதுதான் வாதம். ‘உரித்தில்லாக் காணி’ என்று போடுங்கள். அவுஸ்திரேலியாவுக்கு மட்டும் உரிய தந்திரமுமல்ல இது. 1840-இல் இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது: காடும் தரிசும் பயிரிடாத நிலமும், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்கு, அதாவது அரசுக்கு, உரியவை. காட்டை வெட்டி எரித்து மாறிமாறிச் சேனைப் பயிர் செய்தவன் உறுதிப் பத்திரத்துக்கு எங்கே போவான்? அப்படிப் போனவைதாம் பிறகு கோப்பித் தோட்டங்கள். ‘முடிக்குரிய காணி’ என்பது எங்கள் பழைய பத்திரங்களில் உள்ள தொடர். ‘கிரவுன் லேண்ட்’ என்பதற்குப் புதிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை.

———

மறுபடியும் சிட்னியிலிருந்து

அக்கா, இரண்டு தடையும் ஏற்கிறேன். குடிநாட்டல், குடிநாட்டியோர், குடிநாட்டல் காலனியம், அப்பாவுக்குக் குடிவரவு. முடிக்குரிய காணியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

உரித்தில்லாக் காணியும் சரிதான். நான் ஒரு கணம் ‘புறம்போக்கு’ என்று போடலாமா என்று ஆசைப்பட்டேன். ஆள் வசிக்கிற, அடுப்பு எரிகிற, ஆனால் கணக்கில் ஆள் இல்லாத நிலத்தைத் தமிழ்நாட்டுக் கிராமத்தான் அந்த ஒரு சொல்லால்தான் அறிவான். ஆனால் புறம்போக்கு என்றால் ஏற்கெனவே அரசு நிலம். நமக்கு வேண்டியது அதற்கு முந்தைய படி. மர்ரி தீவைச் சேர்ந்த எடி மாபோவின் வழக்கு உடைத்ததும் அந்த முந்தைய படியைத்தான். அவர் கேட்டது தம் மக்கள் தலைமுறை தலைமுறையாக எல்லை வகுத்துப் பயிரிட்ட தோட்டங்கள். ‘இன்னார் தோட்டம் இதுவரை’ என்று தீவில் எல்லாருக்கும் தெரியும். முடிக்கு மட்டும் தெரியவில்லை. 1982-இல் தொடங்கிய வழக்குக்கு 1992 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாபோ அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார். ‘நேட்டிவ் டைட்டில்’ என்று அங்கே ஏற்கப்பட்ட பூர்வகுடி நில உரிமைக்குத் ‘தொல்குடி உரித்து’ என்று வைக்கலாம். உரித்து என்ற சொல் இரண்டு பக்கமும் நிற்கும்போது மறுப்பும் மீட்பும் கண்ணுக்குத் தெரியும்.

கட்டுரைத் தாளில் இன்னொரு வாக்கியம் இருந்தது. “1901-இல் ஆஸ்திரேலியாவுக்குச் சுதந்திரம் கிடைத்தது.” இதற்குச் சிவப்பு மை செலவாயிற்று. 1901 ஜனவரி 1 அன்று நடந்தது ஆறு காலனிகள் சேர்ந்து ஒரு கூட்டாட்சி ஆனது. அரசியலமைப்பே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சட்டம். யாரும் கப்பலேறிப் போகவில்லை. குடிநாட்டியோர் தங்களுக்கென்று ஒரு நாடு அமைத்துக்கொண்டார்கள். மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடியினரைச் சேர்க்கக் கூடாது என்று 127-ஆம் பிரிவு சொன்னது. 1967 வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு பெற்றுத்தான் அது நீங்கியது. ஆகவே ‘நாடமைப்பு’ என்று திருத்தினேன். ‘சுதந்திரம்’ வேண்டாம்.

அதே 1901-இல் வந்த குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நம்மைப் போன்ற சொல்லுக்கு அலைகிறவர்களைச் சிரிக்க வைக்கும். வந்து இறங்குகிறவரிடம் எந்த ஐரோப்பிய மொழியிலும் 50 சொல்லைச் ‘சொல்வதை எழுதுக’ என்று கேட்கலாம். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். வேண்டாதவர் ஆங்கிலம் அறிந்தவராக இருந்தால் அவருக்குத் தெரியாத வேறொரு மொழி. இந்தத் தேர்வு 1958 வரை சட்டத்தில் இருந்தது.

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது குடிநாட்டலையும் குடிவரவையும் பலகையில் எழுதி, ஒன்று கேட்காமல் வருவது, மற்றது கேட்டு வருவது என்று விளக்கினேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பா யாரிடம் கேட்டார், சார்? கடிகல் ஆட்களிடமா?” என்றாள். மணி அடித்துவிட்டது.

பட்டியலில் ‘ஸ்குவாட்டர்’ மட்டும் பாக்கி. முடிக்குரிய காணியில் அனுமதியின்றி ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து, பிறகு குத்தகை வாங்கி, பிறகு பெருந்தனக்காரர் ஆனவர்கள். ‘ஆக்கிரமிப்பாளர்’ என்றால் அவர்களுடைய பணமும் செல்வாக்கும் சொல்லில் வரவில்லை. ‘மந்தை ஜமீன்’ என்றால் ஐயா என்னைக் குழுவைவிட்டே நீக்கிவிடுவார். யாரிடமாவது சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை வகுப்பு உண்டு.